புள்ளும் பூனையும்

கோடை விடுமுறையில் தத்தம் ஊர் சென்று தங்கும் மாணவர் பலர் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. வீட்டுப் பூனை பிற்பகல் உறக்கந் தெளிந்து, கொல்லைப்புறத்து மதிலின்மேல் ஏறி, எவ்வுயிர்க்குந் தீங்கு நினையாத துறவியைப் போல மெல்ல நடந்து செல்கின்றது. திடீரென்று வேப்பமரத்தினின்றும் கரிய அம்பொன்று எய்தாற்போலக் கரிச்சான் பாய்ந்து, அதன் பிடரியை உராய்ந்து மேலெழும்புகின்றது. பூனை காதுகளை மடித்துக்கொண்டு பதுங்குகின்றது. கரிச்சான் மீண்டும் பாய்கின்றது. அதற்குள் இரண்டு காகங்கள் வந்து கரைகின்றன. கூரைமீதிருந்து மைனா ஒன்று வைகின்றது. வேலிக்குள்ளிருந்து தவிட்டுக்குருவிகள் கூச்சலிடுகின்றன. அணிலுந் தன் பங்குக்கு வாலைத் தூக்கித் தூக்கிக் கத்துகின்றது. சிறிது நேரத்திற்கெல்லாம் பூனை தன் பெருமையனைத்தும் இழந்து, மதிலினின்று குதித்து, அடுக்களை வாயிலைத் தேடி ஓடிவிடுகின்றது. இதனைக் கண்டு வீட்டாரிற் சிலர் சிரிக்கின்றனர். வேறு சிலர் பூனையின்பால் இரக்கங்கொண்டு பறவையைக் கல்லாலெறிகின்றனர். அதன் கூட்டைக் கோலாற் கலைத்துவிடுவாரும் உளர்.

அச்சிரிப்பும் அக்கல்லும் ஆகிய இரண்டுமே பொருந்தா என்பது என் கருத்து. பறவை எதன்பொருட்டுப் பாய்கின்றது, பாய்வதனால் அஃது எய்தும் பயன் யாது, இழப்பது யாது என்பவற்றை ஆராய்ந்தறிந்தோர் சிரியார்; கல்லெடுத்தலுஞ் செய்யார்; பூனையைச் சில வாரங்கள் வீட்டினுள் வைத்தலே தங்கடன் என்று கொள்வர். இஃது ஒரு சிறு பொருளாயிற்றே என்று நண்பர்கள் தள்ளிவிடல் வேண்டா. நம் கொல்லையில் நாடோறும் நிகழ்வதனை நாம் அறியாதிருத்தல், தொலைநாட்டு வரலாறு அறியாதிருத்தலினுங் குறைபாடுடையது.

கரிச்சானின் எடை ஏறத்தாழ 50 கிராம். வளர்ந்த வீட்டுப் பூனையோ 3 அல்லது 4 கிலோகிராம் எடையுடையது. தன்னினும் அறுபது மடங்கு, எழுபது மடங்கு பெரியதாய், நகமும் பல்லும் உடையதாய், பறவையைக் கொன்று தின்னும் வழக்கமுடையதாய் உள்ள ஒரு விலங்கின்மேல் ஒரு சிறு பறவை வலியச் சென்று மோதுதல் எற்றுக்கு? பறவை இயல்பிலேயே சண்டைக்குணம் உடையது என்பார் ஒரு சாரார். தாயன்பினால் உயிரையும் பொருட்படுத்தாது பாய்கின்றது என்பார் மற்றொரு சாரார். முன்னையது பறவைக்கு அநீதி. பின்னையதில் உண்மை சிறிதுண்டாயினும், அது முழுதுண்மையாகாது. குஞ்சில்லாத பறவைகளும் இக்கூட்டத்திற் சேர்கின்றன. ஓரினத்தின் கூட்டைக் காத்தற்கு வேறினமும் வருகின்றது. ஆண் பறவையும் பெண் பறவைக்கு இளையாது பாய்கின்றது. தாயன்பு ஒன்றே காரணமாயின் இவையெல்லாம் எங்ஙனம் நிகழும்?

விடையை அறிதற்கு முதற்கண் பூனையின் வேட்டைமுறையை நோக்குதல் வேண்டும். நாயினங்கள் இரையை நெடுந்தூரந் துரத்தி, அது களைத்தபின் பிடிக்கும் மரபின. பூனை அங்ஙனம் நீள ஓடவல்லதன்று. அது நிலத்தோடு நிலமாய்ப் பதிந்து, அடிமேல் அடிவைத்து, இரையின் பார்வை திரும்பும்போதெல்லாம் நின்று, இறுதியில் ஒரு தாவலில் காரியத்தை முடித்துக்கொள்வது. ஆகவே, அதன் வலிமை நகத்திலும் பல்லிலும் இருப்பதினும் மிகுதியாக மறைவில் இருக்கின்றது. கள்வனை நோக்கி, “அதோ கள்வன்!” என்று நாற்றிசையினின்றும் பலர் கூவுவரேல், அவன் கையிலுள்ள கத்தியால் யாது பயன்? மறைவு போயிற்றேல் பூனைக்கு அன்றைய வேட்டை போயிற்று. அது வேறிடம் நாடிச் செல்வதே நலம். பறவை விரும்புவதும் அதுவே. பூனையைக் கொல்வதோ காயப்படுத்துவதோ அதன் நோக்கமன்று. கூர்ந்து நோக்குவார்க்கு இது புலனாகும்: பறவை பெரும்பாலும் முகத்துக்கு நேரே வாராது, பின்புறத்தினின்று பாய்ந்து, பிடரியையோ முதுகையோ தொட்டுந் தொடாததுமாய்ச் செல்லும், பூனை தலையைத் திருப்பினால் அக்கணமே மேலெழும். காகங்கள் இரண்டாயின், ஒன்று முன்னே நின்று பராக்குக் காட்ட, மற்றொன்று பின்னே சென்று வாலைப் பற்றியிழுத்தலும் உண்டு. இவையெல்லாம் சினத்தால் அறிவிழந்தாரின் செயல்களாகத் தோன்றவில்லை.

இச்செயலைப் பறவைநூலார் ‘மாபிங்’ என வழங்குவர். மொய்த்துத் துரத்துதல் என நாம் கூறலாம். இதிற் குரலுக்கு உரிய இடம் பெரிது. பறவைகளின் அச்சக்குரல் இருவகைப்படும் என்பதனைப் பீட்டர் மார்லர் என்னும் அறிஞர் 1955-ஆம் ஆண்டில் விளக்கினார். வானில் வல்லூறு தோன்றுங்கால் சிறு பறவைகள் எழுப்புங் குரல் மெல்லியதாய், தொடக்கமும் முடிவும் தெளியாததாய் ஒலிக்கும். அஃது எங்கிருந்து வருகின்றதென்று வல்லூற்றினால் எளிதில் அறியவொண்ணாது. பூனையையோ ஆந்தையையோ கண்டு எழுப்புங் குரல் இதற்கு நேர்மாறானது. அது கரகரப்பாய், வெட்டி வெட்டி, அடுத்தடுத்து ஒலிப்பது. எங்கிருந்து வருகின்றதென்பது கேட்டமாத்திரத்தே விளங்குவது. முன்னது ஒளிந்துகொள்ளுங் குரல். பின்னது ஊரைக் கூட்டுங் குரல். மைனாவும் தவிட்டுக்குருவியும் கரிச்சானுடைய குரல் கேட்டு வந்து சேர்தலின் காரணம் இப்போது விளங்கும். அவை கரிச்சானுக்கு உதவிசெய்ய வந்தனவல்ல. அவையவற்றின் கூடும் அண்மையிலேயே உள்ளது. பூனை இங்கிருந்து அகன்றால் எல்லார்க்கும் நலம். இதனாலன்றோ மாங்குயில், புறா, கொண்டைக்குருவி முதலியன கரிச்சான் கூடுகட்டிய மரத்திலேயே தாமும் கூடுகட்டி வாழ்தலைக் காண்கின்றோம்? ஊர்க்காவலன் வீட்டிற்கு அடுத்த வீட்டில் குடியிருப்பார்க்குத் திருடர் பயம் குறைவுதானே!

நம் முன்னோர் இதனை அறியாதாரல்லர். திருவள்ளுவனார் காலமறிதலைக் கூறப்புகுந்தவிடத்து முதலில் எடுத்துக்கொண்ட உவமை காக்கைக்கும் கூகைக்கும் நிகழும் பகற்போரேயாகும். கூகைக்குப் பகலிற் கண் தெரியாதென்பது உலக வழக்கு. உண்மையில் அதற்குப் பகலிலும் பார்வை உண்டு. மறைந்து துயிலவேண்டிய வேளையில் அது வெளிப்படுத்தப்படுகின்றது. எதிரிகள் பலராய், விழித்தவராய், பறக்க வல்லவராய் இருக்கின்றனர். இரவில் அதற்குத் துணையாய மறைவு பகலில் இல்லை. பூனைக்கு நிகழ்வதும் இதுவே. இனி, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திற் கரிக்குருவிக்கு உபதேசஞ் செய்த படலம் ஒன்றுண்டு. காக்கை முதலிய பறவைகளால் நலிவுற்ற கரிக்குருவி, மதுரைச் சோமசுந்தரக் கடவுளிடம் மந்திரோபதேசம் பெற்று வலிமையடைந்து, வலியான் என்னும் பெயரும் பெற்றதென்பது அக்கதை. கதையை அவரவர் தத்தம் சமயநெறிப்படி கொள்க. ஆனால் இச்சிறு பறவை காகத்தையும் பருந்தையும் புடைத்தோட்டுதலைக் கண்ணாரக் கண்டு வியந்த ஒருவரே அதற்கு இப்பெயரை முதலில் இட்டிருத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மொய்த்துத் துரத்துதலுக்குப் பிறிதொரு பயனுமுண்டு. அது கல்வி. பகைவர் இன்னாரென்பதனைக் குஞ்சுகள் பிறவியிலேயே முற்றும் அறிந்து வருவதில்லை. பெற்றோரும் அயலாரும் எதனைக் கண்டு கூச்சலிடுகின்றனர் என்பதனை நோக்கியே பெரிதும் கற்றுக்கொள்கின்றன. எபர்ஹார்டு கூரியோ என்னும் ஜெர்மானிய அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 1978-இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்றாம். ‘பிளாக்பேர்டு’ என்னும் கரிய பூங்குருவிகள் இரண்டை அவர்கள் தனித்தனிக் கூடுகளில் வைத்தனர். இடையே ஒரு பெட்டி. அதன் ஒருபுறத்தில் ஆந்தை தெரியுமாறும், மறுபுறத்தில் அப்பூங்குருவிகள் முன்பு கண்டிராத, தீங்கற்ற ஆஸ்திரேலியப் பறவையொன்று தெரியுமாறும் அமைத்தனர். ஆந்தையைக் கண்ட குருவி கூச்சலிட்டது. அக்கூச்சலைக் கேட்ட மற்றைக் குருவி, அது தன் கண்முன்னுள்ள ஏழைப் பறவையைக் குறித்தே எழுந்ததென்று எண்ணி, அன்றுமுதல் அதனையே பகையெனக் கொண்டது. பின்னர் இப்பொய்ப் பாடத்தைத் தான் மற்றொன்றுக்குக் கற்பித்தது, அது வேறொன்றுக்கு. இங்ஙனம் ஆறு பறவைகள் வரை அது வழிவழியாய்ச் சென்றது. பிளாஸ்டிக் புட்டியொன்றைக்கூட இவ்வாறு பகைப்பொருளாக்க முடிந்தது. குருவிகளின் பள்ளியில் ஆசிரியர் பிழைத்தால் மாணாக்கரும் பிழைப்பர் என்பது இதனாற் பெற்றாம். அஃது நம் பள்ளிகட்கும் உரியதே போலும்.

பறவைகள் பகையினத்தை அறிவதோடு அமையாமல், தனியாளையும் பிரித்தறிய வல்லன. இதனை விளக்கிய இரு சோதனைகள் அமெரிக்காவிற் கல்லூரி வளாகங்களிலேயே நிகழ்ந்தன என்பது நம் போன்றார்க்குச் சுவை தருஞ் செய்தி. புளோரிடாப் பல்கலைக்கழகத்தில், ‘மாக்கிங்பேர்டு’ என்னும் பறவையின் கூட்டருகே ஒருவர் ஒவ்வொருநாளும் சென்று அரை நிமிடம் நின்றும், கூட்டைத் தொட்டும் வந்தார். இரண்டு முறை கண்ட அளவிலேயே பறவைகள் அவரை இனங்கண்டுகொண்டு, அவர் வருதலைத் தொலைவிலேயே அறிந்து எழுந்து பாய்ந்தன. நூற்றுக்கணக்கான மாணவர் அவ்வழியே நடந்து செல்லவும், அவரையெல்லாம் பொருட்படுத்தாமல், அவ்வொருவரை மாத்திரம் தாக்கின. இவ்வாராய்ச்சி 2009-இல் வெளியாயிற்று. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்பார் 2006-இல் முகமூடியணிந்து சில காகங்களைப் பிடித்து விட்டுவிட்டார். பல்லாண்டுகள் சென்ற பின்னரும் அம்முகமூடியணிந்து எவர் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கரைந்தன. பிடிபடாத காகங்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஆதலின், தெருவில் ஐந்து பூனைகள் திரிய, நம் வீட்டுப் பூனையை மாத்திரம் காகங்கள் விடாது துரத்துமாயின், “எம் பூனை பரம சாது” என்று நாம் வழங்கும் நற்சான்றிதழைச் சற்றே ஐயுறுதல் தகும். காகத்தின் கணக்கேட்டில் அதன் பெயர் வேறுவிதமாய் எழுதப்பட்டிருக்கலாம்.

ஆண்டு முழுதும் இப்போர் நிகழ்வதில்லை. பங்குனி சித்திரையிற் தொடங்கி ஆடி வரை, கரிச்சானும் காகமும் கூடுகட்டும் காலத்தேதான் இது கடுமையாகும். அதிலும் ஒரு முறை உண்டு. முட்டையிட்ட தொடக்கத்திற் பறவை சிறிது கூவிவிட்டு அமைதலும் உண்டு; குஞ்சு வளர வளரச் சீற்றமும் வளரும்; குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும் நாட்களில் அஃது உச்சநிலை எய்தும். காரணம் எளிது. முட்டை அழிந்தால் மறுமுறை இடலாம். இருவாரம் அடைகாத்து, பின்னும் இருமூன்று வாரம் இரையூட்டி வளர்த்த குஞ்சு அழிந்தாலோ, அப்பருவத்தின் உழைப்பனைத்தும் வீணாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பர். அப்பொன்னின் மாற்று நாளுக்கு நாள் உயர்கின்றதென்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டைவிட்ட குஞ்சு உடனே நன்கு பறக்க வல்லதன்று. புதரடியிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் தத்தித் திரியும். அந்தச் சில நாட்களே பூனைக்கு அறுவடைக்காலம்.

காக்கையினத்தைப் பற்றி மற்றொன்றுங் கூறல் வேண்டும். ‘ஜாக்டா’ என்னும் ஐரோப்பியச் சிறு காக்கைகள், கரிய பொருள் ஒன்று தொங்கி அசைய அதனைப் பற்றிச்செல்லும் எதனையும் எவரையும் தாக்கும் என்பதனைக் கொன்ராடு லோரென்ஸ் 1949-இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். அவர் நீராடும்போது அணியுங் கருநிறக் காற்சட்டையைக் கையிற் பிடித்திருந்ததே அவற்றின் சினத்துக்குக் காரணமாயிற்றாம்! தம்மினத்துக் குஞ்சொன்று பகைவன் வாயில் அகப்பட்டதென்பதே அவற்றின் கண்ணுக்குத் தோன்றுவது. கரிய இறகுடைய எதனையேனும் கௌவிச் செல்லும் பூனையை நம்மூர்க் காகங்கள் தெருக்கோடி வரை விடாது தொடர்தலின் பொருளும் இதனால் ஒருவாறு விளங்கும்.

இதுகாறுங் கூறியவற்றால், பறவை தன் தொழிலைத் திறம்படவே செய்கின்றது, பூனையும் ஓடிவிடுகின்றது, பின்னர் நாம் கவலவேண்டுவது யாது என்று ஒருவர் வினவலாம். பலரும் சிரிப்பதும் இவ்வெண்ணத்தினாலேயே. பூனை தோற்றது, பறவை வென்றது, கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கின்றனர். ஈண்டே நாம் பெரிதும் பிழைபடுகின்றோம்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் சிலர் இதனைச் சோதித்து 2013-இல் வெளியிட்டனர். அவர்கள் உயிருள்ள பூனையைக் கொண்டு சோதிக்கவில்லை. பாடஞ்செய்து வைத்த பூனையுடல் ஒன்றைக் கரிய பூங்குருவியின் கூட்டருகே 15 நிமிடம் வைத்துப் பின் எடுத்துவிட்டனர். ஒப்புநோக்குதற்பொருட்டு வேறு கூடுகளினருகே பாடஞ்செய்த அணிலையும் முயலையும் வைத்தனர். பூனையைக் கண்ட குருவிகள் பாய்ந்தன, கத்தின. பூனையை எடுத்த பின்னரும் ஒன்றரை மணிநேரம் வரையில் அவை குஞ்சுகட்கு இரை கொணர்தல் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. பெற்றோர் அஞ்சியஞ்சிப் பறந்தனவேயன்றி வயிறார ஊட்டவில்லை. இதனினுங் கொடியது ஒன்று நிகழ்ந்தது. அவை எழுப்பிய கூச்சலே கூடு இருக்குமிடத்தைப் பிறர்க்கு அறிவித்துவிட்டது. அடுத்த 24 மணிநேரத்துள் காக்கையினப் பறவைகள் வந்து அக்கூடுகளைக் கொள்ளையிட்டமை பன்மடங்கு மிகுதியாயிற்று. ஊரைக் கூட்டுங் குரல் கள்வனையும் கூட்டும் என்னும் உண்மையை நோக்குக. இத்தனைக்கும் அங்கு வந்தது உயிரற்ற பூனை. அஃது ஓர் இறகையும் தீண்டவில்லை.

“எங்கள் பூனை ஒருநாளும் பறவை பிடித்ததில்லை, வெறுமனே வெளியில் உலாவி வரும்” என்று கூறும் நண்பர்கள் இச்சோதனையை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெறும் உலாவுக்கும் விலையுண்டு. அதனைக் கொடுப்பது குஞ்சு. பாய்கின்ற கரிச்சான் நமக்கு வேடிக்கை காட்டவில்லை. இரை தேடவேண்டிய பொழுதைப் போரிற் செலவிடுகின்றது. தன் மறைவிடத்தைத் தானே வெளியிடுகின்றது. ஒரு கணம் பிந்தி மேலெழும்பினால் உயிரையும் இழக்கின்றது. இவையனைத்தும் ஒரு நாளைக்கு ஒருமுறையாயின் தாங்கும். மதில்மேல் உலாவும் பூனை காலையும் மாலையும் உலாவினால், அடுத்த வீட்டுப் பூனையும் அங்ஙனமே செய்தால், அத்தெருவிலுள்ள கூடுகள் எங்ஙனம் நிறைவுறும்?

பூனையை எதிர்க்கும் அறிவு பறவைகள் எல்லாவற்றுக்கும் உண்டென்று எண்ணுதலும் தவறு. நம் நாட்டுப் பறவைகள் காட்டுப்பூனை, கீரி, மரநாய் முதலியவற்றோடு எண்ணற்ற தலைமுறைகளாய் வாழ்ந்து பழகியவை. நிலத்தில் நடந்து வந்து கொல்லும் விலங்கையே காணாத தீவுகளில் வாழ்ந்த பறவைகளின் கதி வேறு. நியூசிலாந்தின் இரு பெருந்தீவுகட்கும் இடையிலுள்ள கடற்காலிலே ஸ்டீபன்ஸ் என்னும் சிறு தீவுண்டு. 1894-இல் அங்குக் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. ஆட்களோடு பூனையும் வந்தது. பறக்கமாட்டாத சிட்டினம் ஒன்று அத்தீவில் ஒதுங்கி வாழ்ந்திருந்தது. விளக்கத்தின் துணைக்காவலராயிருந்த டேவிட் லையால் என்பார் பூனை பிடித்துக் கொணர்ந்த உடல்களைக் கண்டே அப்பறவையை உலகுக்கு அறிவித்தார். அறிவித்த சில ஆண்டுகளுக்குள் அவ்வினமே அற்றுப்போயிற்று. ஒரே ஒரு பூனை அவ்வளவையுங் கொன்றதென்று கதை வழங்குகின்றது. அது மிகை, வந்த பூனை ஈன்று பெருகியதே காரணமென்று பின்னர் ஆராய்ந்தோர் கூறுவர். தென்கடலில், தென்னாப்பிரிக்காவுக்குரிய மாரியன் தீவுக்கு 1949-இல் எலிபிடிக்கக் கொண்டுசெல்லப்பட்ட 5 பூனைகள், 1970-களில் ஏறத்தாழ 2,000-க்கு மேற் பெருகி, ஆண்டொன்றுக்கு நான்கரை இலட்சம் கடற்பறவைகளைத் தின்றன. 1990-களின் தொடக்கத்தில் இறுதிப் பூனை ஒழிக்கப்படும் வரை இக்கேடு நீடித்தது. அப்பறவைகள் பாயவில்லை, மொய்க்கவில்லை. பூனை இன்னதென்றே அறியாதிருந்தன. இவற்றோடு ஒப்பிட்டால் நம் கரிச்சானின் சினம் எத்துணை அரிய செல்வம் என்பது தெரியும்.

பெருநிலங்களிலும் இழப்புச் சிறிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பூனைகளால் ஆண்டுதோறும் மடியும் பறவைகள் 130 கோடி முதல் 400 கோடி வரை என்று 2013-இல் அறிஞர் கணக்கிட்டனர். அவற்றிற் பெரும்பகுதி உரியவரற்றுத் திரியும் பூனைகளின் செயல் என்பதனையும் நடுவுநிலைமையோடு சொல்லிவிடல் வேண்டும்.

இனித் தடை கூறுவார் கூற்றுக்களை நோக்குவோம். பூனைக்கு இது பிறவிக்குணம். அதனைக் குறைகூறல் என்ன நியாயம் என்பர். யான் பூனையைக் குறைகூறவில்லை. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதன் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமை அறியப்பட்டுள்ளது. அத்துணைப் பழைய நட்பு அது. நாம் தானியஞ் சேர்த்தோம், எலி வந்தது. எலி வந்தது, பூனையும் வந்தது. அதன் வேட்டைக்குணத்தை நாமே விரும்பி வரவேற்றோம். ஆகவே அக்குணத்தின் விளைவுக்கும் நாமே பொறுப்பாளர். காட்டு விலங்காயின் இரை குறைய அதுவும் குறையும். நாம் சோறிட்டு வளர்க்கும் பூனைக்கு அக்கட்டுப்பாடு இல்லை. கொல்லையிற் குருவி இருந்தாலும் இல்லாவிடினும் அதற்கு அடுத்தவேளை உணவு உறுதி. பறவை தனியாய்ப் போரிடுகின்றது. பூனைக்குப் பின்னே நம் அடுக்களை நிற்கின்றது. இதுவே எனக்கு அநீதியாய்த் தோன்றுவது.

எலி பிடிக்கப் பூனை வேண்டுமே என்பது இரண்டாவது தடை. எலி நடமாடுவது இரவில். அதுவும் வீட்டினுள்ளும் களஞ்சியத்திலும். விடியற்காலையிலும் மாலையிலும் பூனை மதில்மேலும் மரத்தின்மேலும் ஏறித்தான் எலிபிடித்தல் வேண்டும் என்பதில்லை. கழுத்தில் மணி கட்டிவிட்டால் போதாதா என்பர் சிலர். எலிகள் கூடிப் பேசிய பழங்கதையில் மணி கட்டுவார் இல்லாமையே குறையாயிருந்தது. ஈண்டுக் கட்டுவார் உளராயினும் பயன் உறுதியாயில்லை. வளர்ந்த பறவையைச் சிற்சில வேளை அது காக்கலாம். பறக்கமாட்டாத குஞ்சு மணியோசை கேட்டு எங்ஙனம் ஓடும்? இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மணியினாற் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அவர்கள் கண்ட வேறு இரண்டு வழிகள் நம் இல்லங்கட்கும் ஏற்றவை. இறைச்சி மிகுந்த உணவு ஊட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொணர்ந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் 5 அல்லது 10 நிமிடம் பூனையோடு விளையாடியவர் வீடுகளில் அது 25 விழுக்காடு குறைந்தது. நம் நாட்டிலோ பூனைக்குத் தயிருஞ்சோறும் பாலுஞ்சோறும் இட்டுவிட்டு, அது புலாலுண்ணும் பிராணி என்பதனையே மறந்துவிடுகின்றோம். மீன்தலை இரண்டு போடுவது குருவிக்கு நாம் செய்யும் உதவியாகலாம்.

ஆயினும் இவையெல்லாம் குறைக்கும் வழிகளேயன்றி நீக்கும் வழிகளல்ல. கூடு உள்ள காலத்திற் பூனையை வெளிவிடாமையே நேர்வழி. ஆண்டு முழுதும் அடைத்து வையுங்கள் என்று யான் கூறவில்லை. அங்ஙனங் கூறுதல் ஓட்டுவீடும் திண்ணையும் உள்ள நம்மூர்களில் நடவாத காரியம். கரிச்சான் பாயத் தொடங்கினால், அண்மையிற் கூடுண்டு, குஞ்சு வளர்ந்துவிட்டது என்பது பொருள். அஃது ஒரு விளம்பரப் பலகை. அன்றுமுதல் இருமூன்று வாரம் பகற்பொழுதிற் கதவைச் சாத்திவைத்தல் எவர்க்கும் இயலும். பூனை சில நாள் கத்தும், சன்னலில் அமர்ந்து நம்மை வைவதுபோல் நோக்கும், பின் உறங்கிவிடும். உறங்குவதில் அதற்கு நிகர் ஏது?

மனிதரையும் பறவை தாக்குமிடத்து, கூட்டைக் கலைப்பதை விடுத்துச் சில நாள் குடைபிடித்துச் செல்க. அல்லது வேறு வழியே செல்க. இறகு முளைத்த குஞ்சொன்று தரையில் தத்திக்கொண்டிருப்பதனைக் கண்டால், அஃது அநாதை என்றெண்ணி வீட்டுக்குள் எடுத்துச்சென்று சோறூட்டுவார் உளர். பெரும்பாலும் அதன் பெற்றோர் அண்மையிலேயே இருந்து நோக்கிக்கொண்டிருக்கும். அதனை எடுத்துப் பக்கத்துச் செடியிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு அகன்றுவிடுதலே தக்கது. மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் ஏற்காதென்பது வெறும் கட்டுக்கதை. நாம் அகன்ற சிறிது நேரத்தில் அஃது இரையோடு வந்து சேரும். அவ்வேளையில் மரத்தடியிற் பூனை இல்லாதிருத்தல் ஒன்றே வேண்டுவது.